வீட்டுப் பெரியவரின் மரபணு ரிப்போர்ட்: எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை



புதூர்நாட்டிலும் மலையடிவாரத்து ஊர்களிலும் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலையில் இருக்கிறார்கள். அத்தாவுக்கோ நானிக்கோ மறதி அதிகமாகிறது என்று கேள்விப்பட்டதும், அக்கறையோடு ஒரு மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் போதும், சில வாரங்களில் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்துவிடும். அதில் 'அதிக அபாயம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

பிறகு இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இது எங்களுக்கும் வருமா?" என்பது ஒன்று. "பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டுமா?" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் விடை தெரிய வேண்டுமானால், அந்த ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு உதவவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் மருத்துவர், பிறகுதான் மரபணு

மறதி நோய் இருக்கிறதா இல்லையா என்பதை மரபணுப் பரிசோதனை சொல்லாது. பின்னாளில் வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டுமே பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் சொல்கின்றன. நோய் இருக்கிறதா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து, வீட்டாரிடம் விசாரித்து, நினைவாற்றல் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு செய்வார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களின் மறதிக்குப் பின்னால், மருந்தால் சரியாகக்கூடிய காரணங்களும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள், கீழே விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம் ஆகிய எல்லாமே மறதியைப் போலவே தோன்றும். 'ஜீனிலேயே இருக்கிறதாம், என்ன செய்ய முடியும்' என்று ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டால், குணமாக வேண்டிய ஒருவர் குணமாகாமலே போவார்.

மலைக்கு வடக்கே, வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு நல்ல பாடம். பல நாடுகளில் நடந்த '10/66' என்ற மறதி நோய் ஆய்வின் ஒரு பகுதியாக, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அங்கே 65 வயது கடந்த 1000 பேரைப் பரிசோதித்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி பார்த்தால், நம் நாட்டுக் கிராமங்களில் மறதி நோய் மிக அரிது என்பதுபோலத் தெரிந்தது. கிராமத்துச் சூழலுக்குப் பொருந்தும் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு கூடியது. நம் வீடுகளில் பெரியவர்களுக்குச் சோறு போடுவதும் துணி எடுத்து வைப்பதும் கைபிடித்து அழைத்துப் போவதும் பிள்ளைகளும் மருமகள்களும்தான். அவர் தானாகச் செய்யத் தடுமாறுகிறாரா என்பதே வெளியே தெரிவதில்லை. வயதானால் அப்படித்தான் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

ஆகவே, பழகிய பாதையில் வழி தவறுவது, தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்று அடிக்கடி குழம்புவது, கொடுத்த பணத்தையே மறுபடி கொடுப்பது, சாப்பிட்ட மாத்திரையை மறந்து இன்னொரு முறை சாப்பிடுவது ஆகியவை தொடர்ந்து நடந்தால், ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து.

மூன்று வகை ரிப்போர்ட்டுகள்

கையில் இருக்கும் ரிப்போர்ட் எந்த வகை என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

முதல் வகையில் 'ஏபிஓஈ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். நாம் அதிகம் காண்பது இதைத்தான். இது கொழுப்பை ரத்தத்திலும் மூளையிலும் சுமந்து செல்லும் ஒரு புரதத்துக்கான மரபணு. எல்லோருக்கும் இது உண்டு. ஈ2, ஈ3, ஈ4 என்று இதற்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கும். பெரும்பாலோரிடம் இருப்பது ஈ3. ஈ2 அல்சைமர் நோயின் வாய்ப்பைச் சற்றுக் குறைக்கிறது, ஈ4 கூட்டுகிறது. இதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அல்சைமர் என்பது மறதி நோய்களிலேயே அதிகம் காணப்படும் வகை.

இரண்டாவது வகை அரிதானது, ஆனால் கனமானது. 'ஏபிபி', 'பிஎஸ்இஎன்1', 'பிஎஸ்இஎன்2' என்ற மரபணுக்களில் நோயை உண்டாக்கும் மாற்றம் இருப்பதாக அந்த ரிப்போர்ட் சொல்லும். இத்தகைய மாற்றம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே, சிலருக்கு 30களிலும் 40களிலுமே நோய் தொடங்கிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அல்சைமர் நோயாளிகளில் இப்படி வருபவர்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. 75 வயதில் மறதி தொடங்கிய நானிக்கு இந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தாதா, அத்தா, சாச்சா என்று தலைமுறைதோறும் இளவயதிலேயே மறதி வந்த குடும்பமாக இருந்தால் மட்டும் இதை உடனே மரபணு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இந்த வகையிலும் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், 'பிஎஸ்இஎன்1' மாற்றத்தால் 40களிலேயே நினைவிழக்கும் ஒரு பெரிய குடும்ப வழி இருக்கிறது. அதே மாற்றத்தைச் சுமந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் 70 வயதுவரை பெரிய பாதிப்பு வரவில்லை. அவருடைய ஏபிஓஈ மரபணுவில் இருந்த மிக அரிய வேறொரு மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

மூன்றாவது வகை, 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று சொல்லும் ரிப்போர்ட். மரபணுவில் ஒரு மாற்றம் தெரிகிறது, அது தீங்கானதா சாதாரணமானதா என்று இன்னும் தெரியவில்லை என்பதே இதன் பொருள். இதை நோயாக எண்ணிப் பயப்படவும் கூடாது, இதை வைத்து எந்த முடிவும் எடுக்கவும் கூடாது.

நேரடியாக வீட்டுக்கே வரும் பரிசோதனைகளில் பிழைகளும் உண்டு. அத்தகைய பரிசோதனைகளின் மூலத் தரவில் 'இருக்கிறது' என்று காட்டிய மாற்றங்களை அமெரிக்காவில் ஓர் ஆய்வகம் மீண்டும் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 40 விழுக்காடு உண்மையில் இல்லவே இல்லை. எந்த முக்கியமான முடிவாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மறுபடி சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

'மூன்று மடங்கு' என்றால் என்ன?

ஈ4 ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வாய்ப்பு ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு, இரண்டு பிரதி இருந்தால் 8 முதல் 12 மடங்கு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கேட்டதும் பயமாக இருக்கிறது. ஆனால், எதன் மடங்கு என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வயதில் 100 பேரில் ஒருவருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று மடங்கு என்பது 100 பேரில் மூவர். மற்ற 97 பேருக்கும் அந்த வயதில் நோய் இல்லை. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். வயது ஏற ஏற எல்லோருக்குமே வாய்ப்பு கூடும் என்பதால், இந்த மடங்குக் கணக்கு எல்லா வயதுக்கும் ஒரேபோலப் பொருந்தவும் செய்யாது.

ஈ4 இரண்டு பிரதி இருந்தும் முதுமைவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. அல்சைமர் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் ஈ4 இல்லவே இல்லை. ஆகவே ஈ4 இருப்பவர் கலங்கி உட்கார வேண்டியதில்லை, இல்லாதவர் கவலையற்று இருந்துவிடவும் முடியாது.

இந்த மடங்குக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்களைப் பரிசோதித்துக் கிடைத்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமப்புற மக்களையும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மக்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஈ4 அங்கும் இங்கும் நோயோடு ஒரேபோலத் தொடர்புகொண்டிருந்தது, ஆனால் நம் நாட்டு மக்களிடம் ஈ4 குறைவாகவே காணப்பட்டது. நம் மக்களுக்கான கணக்கு இப்போதுதான் உருவாகிவருகிறது. பெங்களூரில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், பக்கத்துக் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில் 45 வயது கடந்த கிராம மக்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகளும் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

எங்களுக்கும் வருமா? சம்பந்தம் பேசலாமா?

அத்தாவிடம் ஈ4 ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அவரிடம் இரண்டு பிரதி இருந்தால், எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றாவது இருக்கும். பிள்ளைகளுக்கு வருவது மரபணுவின் ஒரு பிரதிதான். நோய் வருமா என்பது அதற்குப் பிறகு வயதையும் உடல்நலத்தையும் பொறுத்தது.

நம் குடும்பங்களில் மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்வது உண்டு. ரிப்போர்ட் வந்ததும் அதைப் பற்றித்தான் முதலில் பயப்படுகிறார்கள். இதையும் கணக்கில் பார்க்கலாம். நானியிடம் ஈ4 இரண்டு பிரதி இருக்கிறது, வெளியிலிருந்து குடும்பத்துக்குள் வந்தவர்கள் யாரிடமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகனின் பிள்ளையும் மகளின் பிள்ளையும் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம் இரண்டு பிரதியும் சேர்வதற்கு 16இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. சேர்ந்தாலும் அது நோய் அல்ல, 60, 70 ஆண்டுகள் கழித்துக் கூடக்கூடிய ஒரு வாய்ப்பு.

தலசீமியா போன்ற ரத்த நோய்கள் வேறு மாதிரி. கணவன், மனைவி இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. குழந்தைப் பருவத்திலிருந்தே ரத்தம் ஏற்ற வேண்டிவரும். திருமணத்துக்கு முன் பரிசோதனை என்றால் அதைத்தான் செய்ய வேண்டும், சொந்தத்தில் மணப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஏபிஓஈ அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

ஆகவே சம்பந்தம் பற்றி எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏபிஓஈ ரிப்போர்ட்டைக் காரணம் காட்டி ஒரு நிக்காஹைத் தள்ளிவைப்பதோ நிறுத்துவதோ நியாயமில்லை. ஈ4 ஊரில் பலரிடம் இருக்கிறது. பரிசோதித்த வீட்டுக்கு மட்டும் பெயர் கெடுகிறது, பரிசோதிக்காத வீடு தப்பித்துக்கொள்கிறது. இளவயதில் வரும் இரண்டாவது வகை ரிப்போர்ட்டாக இருந்தால் மட்டும், மணமக்கள் இருவரும் மரபணு ஆலோசகரிடம் பேசிய பிறகு முடிவெடுப்பது நல்லது. அதுவும் அவர்கள் இருவரும் தம் விருப்பப்படி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மஹல்லா கூடிப் பேசும் விஷயமாக அது ஆகக் கூடாது.

தெரிந்துகொள்வதா, வேண்டாமா?

பெரியவரின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லோரும் பரிசோதிக்க வேண்டுமா? கட்டாயமில்லை. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் முழு மரபணுத் தொகுப்பு 2007இல் வெளியிடப்பட்டபோது, ஏபிஓஈ பற்றிய பகுதியை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. மரபணு அறிவியலின் பெரிய பெயருக்கே தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை தேவைப்பட்டிருக்கிறது.

தெரிந்துகொள்ள விரும்புவோரையும் தடுக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு அல்சைமர் இருந்த 162 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஆலோசகர் முறையாக விளக்கிச் சொன்னபோது, முடிவைத் தெரிந்துகொண்டவர்களுக்கும் தெரிந்துகொள்ளாதவர்களுக்கும் மனக்கலக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் இரவில் செல்போனில் தனியாகப் படிப்பதுதான் மனதை உலுக்குகிறது. சிறுவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.

மருத்துவரே இந்தப் பரிசோதனையைக் கேட்கும் சந்தர்ப்பமும் உண்டு. அல்சைமருக்காக 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற 'லெகனமேப்' மருந்து, ஈ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாக்கும் ஆபத்து அதிகம். அதனால் மருந்து தொடங்கும் முன் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட் அந்தப் பெரியவருடையது. அவருக்கு விளங்கும் நிலை இருந்தால், எச்சில் எடுக்கும் முன்பே 'எதற்காக எடுக்கிறோம்' என்று சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். முடிவை யாரிடம் சொல்லலாம் என்றும் அவரிடமே கேட்க வேண்டும். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே இரவில் மூன்று ஊர்களுக்குப் போய்விடும். ஒருவருடைய ரிப்போர்ட், பரிசோதிக்காத அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மரபணுக் கோளாறு என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் கையில் இருப்பவை

மரபணுவை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை நிறைய இருக்கின்றன. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, காது மந்தம், பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பு இன்மை, மனச்சோர்வு, தலையில் அடிபடுதல், தனிமை, காற்று மாசு ஆகியவையே அவை. இவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் மதிப்பீடு. ஈ4 உள்ளவர்களுக்கும் இவையே வழி.

நம் மலைக்கு ஏற்றபடி சொல்வதானால்: நாற்பது வயதிலிருந்தே பி.பி., சுகர் பார்த்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மலைப்பாதையின் வளைவுகளில் பைக் ஓட்டும்போதும் பின்னால் உட்காரும்போதும் ஹெல்மெட் அணியுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். விறகுப் புகை அடைந்த சமையலறைக்கு ஒரு ஜன்னல் வையுங்கள். காது கேட்காத பெரியவரைத் தனியே ஒதுக்காமல் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்யுங்கள். நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிப் பெரியவருக்கு ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி தெரிந்தால் முதலில் புதூர்நாடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. மேல் சிகிச்சைக்கும் மரபணு ஆலோசனைக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெங்களூர் நிம்ஹான்ஸும் இருக்கின்றன. போகும்போது ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் மறதி வந்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குறிப்பு பல நேரங்களில் ரிப்போர்ட்டை விட மருத்துவருக்கு அதிகம் உதவும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. பராமரிக்கும் மகளோ மருமகளோ மனம் சோர்ந்தாலும் இரண்டாவது எண்ணில் பேசலாம்.

ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், மறதி வந்த பெரியவருக்கு இன்று தேவைப்படுவது நேரத்துக்கு உணவு, சரியான மாத்திரை, தெரிந்த முகங்கள், கோபப்படாத பதில். நூறாவது முறை அதே கேள்வியைக் கேட்டாலும் அவருக்கு அது முதல் முறைதான். இந்த வேலை முழுவதையும் ஒரு மருமகளின் தலையில் போட்டுவிடாமல் வீட்டில் உள்ள எல்லோரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டை விளங்கிக்கொள்ளவோ மருத்துவமனைக்குத் துணையாக வரவோ ஆள் தேவைப்பட்டால் எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். சொன்னது எங்களோடு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.